கப்பலேறி வந்த சொல்

மலாக்காவில் சங்கிலிக் கதையைக் கேட்காத தமிழர் குறைவு. வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளுக்கு விலங்கு பூட்டிக் கப்பலில் ஏற்றி வந்தானாம். அவர்கள் சாலை போடப் போகும்போது காலில் கிடந்த சங்கிலி ‘கிலிங் கிலிங்’ என்று ஒலித்ததாம். அதைக் கேட்ட மலாய்க்காரர்கள் அவர்களுக்கு ‘கெலிங்’ என்று பேர் வைத்துவிட்டார்களாம். கல்யாணப் பந்தியில், தேத்தண்ணிக் கடையில், லயத்துத் திண்ணையில் இந்தக் கதை இன்னும் ஓடுகிறது. சொல்லுகிறவர் குரலில் ஒரு வலி இருக்கும். வலி உண்மையானது, கதைதான் பொய்.

பொய் என்று சொல்லத் தேதிகளே போதும். ஆங்கிலேயர் இந்தியக் கைதிகளை இந்தக் கடற்கரைக்கு அனுப்பத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், அந்த ஏற்பாடு முழுதாக முடிந்தது 1873இல். ஆனால் தொமே பிரேசு என்ற போர்த்துகீசிய மருந்து வணிகர் 1512 முதல் 1515 வரை மலாக்காவில் தங்கி எழுதிய ‘சூமா ஓரியந்தால்’ என்ற நூலிலேயே ‘கெலின்’கள் வந்துவிடுகிறார்கள். அவர்கள் காலில் விலங்கு இல்லை, கையில் கப்பல் இருந்தது. நம் சோழமண்டலக் கரையை அவர் ‘பொனுவா கெலிம்’ என்று எழுதுகிறார். மலாய்க்காரர் சொன்ன ‘பெனுவா கெலிங்’, அதாவது கெலிங் நாடு, அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. சங்கிலி வருவதற்குச் சுமார் முந்நூறு ஆண்டு முன்பே பேர் வந்தாயிற்று.

அந்தப் பேர் புறப்பட்ட இடம் கலிங்கம். அசோகன் படையெடுத்த கலிங்கம்தான்; இன்றைய ஒடிசாவும் ஆந்திரத்தின் வடகரையும். அங்கிருந்து கிளம்பிய சொல் இரண்டு திசையில் போய் இரண்டு விதமாக மாறியது. தெற்கே தமிழுக்குள் வந்தபோது துணியாயிற்று. சங்கப் பாட்டுகளில் ‘கலிங்கம்’ என்றால் மெல்லிய ஆடை. அந்த நாட்டுத் துணி என்பதால் வந்த பேர் என்பார்கள். கிழக்கே கடல் தாண்டிப் போனபோது மனிதராயிற்று. முதலில் கலிங்கக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும், பிறகு அதே கடல்வழியில் வந்த தெலுங்கருக்கும் தமிழருக்கும் சேர்த்து, மலாய் உலகம் ஒரே பேரைச் சூட்டியது. கம்போடியாவில் இந்தியரை இன்றும் ‘க்லெங்’ என்கிறார்கள். இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒன்றன் பேர் அதனோடு ஒட்டிய இன்னொன்றுக்கு ஆகி வருவதை ஆகுபெயர் என்று தொல்காப்பியர் காலத்திலிருந்தே படித்துக்கொண்டிருக்கிறோம். இங்கே ஒரே இடப்பெயர், ஒரு மொழியில் உடுத்துவதற்கும் இன்னொரு மொழியில் உடுத்துபவருக்கும் ஆகி வந்திருக்கிறது.

மலாக்கா அரசவையில் இந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்தது என்று பார்க்க, பழைய மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’வைப் புரட்டினால் போதும். கெலிங் நாட்டுப் பஹிலி நகரிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவரின் வம்சத்தில்தான் மலாக்காவின் பெண்டஹாரா துன் முதாஹிர் பிறந்தார். பெண்டஹாரா என்றால் சுல்தானுக்கு அடுத்த இடம். அதே நூலில் ஹங் நாடிம் கதை வருகிறது. நாற்பது வகைத் துணி, ஒவ்வொன்றிலும் நாற்பது வகைப் பூ வேண்டும் என்று சுல்தான் மஹ்மூத் அவரைக் கெலிங் நாட்டுக்கு அனுப்புகிறார். அங்குள்ள துணி ஓவியர்கள் எத்தனையோ மாதிரி வரைந்து காட்டுகிறார்கள். ஹங் நாடிமுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் எழுதுகோலை வாங்கித் தானே வரைகிறார். திரும்பி வரும்போது கப்பல் மூழ்கி, மலாக்கா வந்து சேர்ந்தது நாலே துணி. நடந்ததோ கட்டியதோ, கதையில் கெலிங் நாடு எப்படி நிற்கிறது என்று பாருங்கள்: அரசர்கள் ஆசைப்படும் சரக்கு கிடைக்கிற இடம். ‘ஹிக்காயாட் ஹங் துவா’ என்ற மலாய்க் கதைநூலில் மாவீரன் ஹங் துவாவே கெலிங் மொழி கற்று, விஜயநகரத்துக்குத் தூது போகிறான்.

1511 ஆகஸ்டில் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அவர்களின் தளபதி அல்பகர்க், கெலிங் வணிகர்களுக்குத் தலைவராக வைத்த நைனா சாத்து என்ற இந்து வணிகர் மூன்று ஆண்டு அந்தப் பதவியில் இருந்தார். 1514இல் பதவி பறிபோனபோது அவமானம் தாங்காமல் சந்தனக் கட்டை அடுக்கித் தீப்பாய்ந்தார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கெலிங் என்று அழைத்ததற்காக அவர் வருந்தியதாக யாரும் எழுதவில்லை.

டச்சுக்காரர் காலத்தில் சொல் கல்லிலும் மரத்திலும் ஏறியது. இன்று ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் தட்டார் தெருவில் நிற்கும் கம்போங் கெலிங் பள்ளிவாசல் 1748இல் மரத்தால் எழுந்து, 1872இல் செங்கல்லால் மறுபடி கட்டப்பட்டது. அடுக்கடுக்கான கூரையையும் கோபுரம் போன்ற மினாராவையும் பார்த்தால் சாவகமா சீனமா என்று ஒரு கணம் திகைக்கத் தோன்றும். அதே தெருவில் சில எட்டு தள்ளி, 1781இல் டச்சு அரசு மலாக்காச் செட்டிகளுக்குக் கொடுத்த நிலத்தில் பொய்யாத விநாயகர் இருக்கிறார். இரண்டையும் கட்டியவர்களுக்கு அயலார் வைத்த பேர் ஒன்றுதான்.

நான் முக்கியமாகக் கருதும் சாட்சி முன்ஷி அப்துல்லா. மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர், அரபும் தமிழும் கலந்த குடும்பம், நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். 1840களில் எழுதிய தன் வரலாற்றில், தகப்பனார் தன்னைத் தமிழ் படிக்க அனுப்பியதைச் சொல்கிறார். மலாக்காவில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அந்த மொழியைக் கற்பது முன்னோர் காலத்து வழக்கமாம். கணக்கு வழக்குக்கு அது வேண்டுமாம். ஊரில் அவ்வளவு தமிழ் வணிகர்கள். அவருக்கு அது ‘கெலிங் மொழி’. தன் இரத்தத்தில் ஓடுகிற ஒன்றுக்கு அவர் இழிவான பேரை எழுதியிருக்க மாட்டார். ஆக, 1840களில்கூடச் சொல் கெட்டுப்போகவில்லை.

ஆங்கிலத்துக்குள் இது ‘கிளிங்’ என்று நுழைந்தது. செஜாரா மெலாயுவை ஜான் லெய்டன் மொழிபெயர்த்து, அவர் இறந்த பிறகு 1821இல் லண்டனில் அச்சானது. ராபிள்ஸ் முன்னுரை எழுதினார். அதன்பின் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்த ஆங்கிலேயர் எல்லார் எழுத்திலும் கிளிங் உண்டு. 1869இல் ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ எழுதிய இயற்கையியலாளர் வாலஸ், கிளிங்குகளை இந்தியாவின் மேற்குப் பகுதிக்காரர் என்று போட்டுவிட்டார். வண்டுக்கும் பட்டாம்பூச்சிக்கும் இனம் பிரித்த கை! மலாக்காவில் தங்கிப்போன இசபெல்லா பேர்டு அம்மையாரின் 1883ஆம் ஆண்டுப் பயண நூலிலும் சொல் அடிக்கடி வரும். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ கிளிங்குக்குத் தனிப் பதிவே கொடுத்து, கலிங்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழ்க் கரையை அறிந்தவர்.

இந்த ஆங்கிலக் கிளிங் யார் என்று கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். கப்பல் முதலாளி மெல்ல மறைகிறார். படகோட்டி, குதிரைவண்டிக்காரர், சலவைக்காரர், சில்லறைக் கடைக்காரர் வருகிறார்கள். அரசுக் கணக்கிலும் சொல் மாறுகிறது. 1871ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களின் மக்கள்தொகைக் கணக்கில் ‘கிளிங்’ ஒரு பிரிவு. 1881இல் அது போய்த் ‘தமிழர்’ வந்துவிடுகிறது. அலுவலகம் கைவிட்ட சொல் தெருவில் தங்கிவிட்டது.

அப்போதுதான் ரப்பர் வந்தது. மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் நட்ட முதல் ஆள் மலாக்காச் சீனரான தான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில், இரண்டு ஆண்டு கழித்துப் பெரிய அளவில் புக்கிட் அசகானில். மரம் பால் கொடுக்கத் தொடங்கியதும் ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் ஊருக்குப் போய்ச் சொந்தபந்தத்தைக் கூட்டி வந்தார்கள். 1907இல் தோட்டக்காரர்களிடம் வரி பிரித்துத் தமிழர் குடியேற்ற நிதி ஒன்றை அரசு ஏற்படுத்தியது. கப்பல் செலவு அதிலிருந்து போயிற்று. 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஜாசின், மெர்லிமாவ், தெபோங், அலோர் காஜா என்று மாநிலம் முழுக்கத் தமிழ் லயங்கள்.

விடியுமுன் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கும் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். கிராணி செக்குரோலைப் பார்த்துப் பேர் வாசிக்கிறார். ‘வந்தேன் ஐயா’ என்கிறவர் உளியும் காண்டா வாளியுமாக நிரைக்குள் இறங்கி, மரத்துக்கு மரம் மங்கு என்னும் பால் கிண்ணத்தை நிமிர்த்தி, பட்டை சீவிக்கொண்டு போகிறார். சம்பள நாளில் கள்ளுக்கடை திறந்திருக்கும், தோட்டத்துக்குள்ளேயே, சட்டப்படி. கம்பத்து மலாய்க்காரர் கண்ணில் இனிமேல் கெலிங் என்றால் இவர்தான். பேர் பழையது, அதைத் தாங்குகிற ஆள் புதியவர். தாங்க வைத்த இடமோ ஏணியின் கடைசிப் படி.

சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து திரிகிறது என்பதிலும் இது தெரியும். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டு அறியலாம் என்றார் ஆங்கில மொழியியலாளர் ஜே.ஆர். பெர்த், 1920களில் லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர். கெலிங்கின் பழைய கூட்டாளிகள் துணி, கப்பித்தான் என்னும் சமூகத் தலைவர், பள்ளிவாசல். இரைச்சல் போடுகிறவர்களைக் கப்பல் கவிழ்ந்த கெலிங்கோடு ஒப்பிடும் மலாய்ப் பழமொழி உண்டு. கேலிதான், ஆனாலும் அதில் அவருக்குக் கப்பல் இருக்கிறது. பிற்காலக் கூட்டாளி ‘மாபோக்’, குடிவெறி. கப்பல் போய்க் கள் வந்துவிட்டது.

உயர்ந்த பொருள் தாழ்வதை நம் மொழியியலார் இழிபொருட்பேறு என்பார்கள். வகுப்பில் ‘நாற்றம்’ என்ற சொல்லைக் காட்டுவது வழக்கம். எனக்கு அது போதாது. நாற்றத்துக்கு மானம் இல்லை. பொருத்தமான துணை ஆங்கிலத்தில் இருக்கிறது: ‘வில்லன்’. லத்தீனில் ‘வில்லா’ என்றால் பண்ணை வீடு. அதில் உழைத்தவன் வில்லானுஸ். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வருவதற்குள் அவன் நாகரிகமற்றவன் ஆனான், பிறகு கயவன் ஆனான், கடைசியில் நம் சினிமாவில் நம்பியார் ஆனான். தொடக்கத்தில் அவனும் தோட்டத் தொழிலாளிதான். சி.எஸ். லூயிஸ் 1960இல் எழுதிய ‘சொற்களில் ஆய்வுகள்’ என்ற நூலில் இதை விளக்குகிறார்: சமூகப் படிநிலையைக் குறித்த சொற்கள் காலப்போக்கில் குணத்தைக் குறிக்கும் சொற்களாகிவிடும், மேலே இருப்பவன் பேர் நற்குணத்துக்கும், கீழே இருப்பவன் பேர் தீக்குணத்துக்கும் ஆகிவரும். ஐரோப்பாவின் பண்ணைகளைப் பற்றி அவர் சொன்னது அசகான் தோட்டத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. கெலிங் கெட்டது கலிங்கத்தாலும் அல்ல, மலாய் மொழியாலும் அல்ல. நாற்பது ஐம்பது ஆண்டு ரப்பர் பொருளாதாரத்தால்.

நாமும் இதில் சுத்தமில்லை. பிராங்க் இனத்தார் பேரை ஐரோப்பியர் எல்லாருக்கும் வைத்துப் பரங்கி என்றோம். துருக்கியர் பேரை முஸ்லிம்கள் எல்லாருக்கும் சூட்டினோம், அது அவர்களை உறுத்தும் என்று தெரிந்த பிறகும் விடாதவர்கள் உண்டு. இதே மலாக்காவில் கல்கத்தாவில் கப்பலேறி வந்த பஞ்சாபி சீக்கியரைத் தலைமுறை தலைமுறையாக ‘வங்காளி’ என்கிறோம்.

மலாக்கா நகரத்துக்கு மேற்கே கடலோரம் தஞ்சோங் கெலிங் என்று ஊர் இருக்கிறது. ஹங் துவாவின் கல்லறை என்று காட்டுகிற இடம் அங்கேதான். “இந்த பஸ்சு தஞ்சோங் கிலிங் போவுதாப்பா?” என்று பையும் கையுமாக நிற்கும் தமிழ்ப் பாட்டி கேட்பார், பேரில் அவருக்கு ஒரு முள்ளும் இல்லை. அதே பாட்டியின் பேரனைப் பள்ளித் திடலில் எவனாவது அந்தக் கடைசி மூன்று எழுத்துச் சத்தத்தால் கூப்பிட்டால் சண்டை நிச்சயம். அகராதிப் பொருள் இரண்டு இடத்திலும் ஒன்று. யார், யாரை, எந்தத் தொனியில், எதற்காகச் சொன்னார் என்பதில்தான் வேறுபாடு. இதைத்தான் இன்றைக்கு மொழிப் பயன்பாட்டியல் என்று தனித்துறையாகவே படிக்கிறார்கள்.

சிங்கப்பூர் 1920களின் தொடக்கத்தில் இந்தியர்கள் முறையிட்டதன் பேரில் ‘கிளிங் ஸ்ட்ரீட்’டைச் ‘சூலியா ஸ்ட்ரீட்’ ஆக்கியது. மேடானில் கம்போங் கெலிங் இப்போது கம்போங் மதராஸ். மலேசியாவில் 2003இல், அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தகாவின் அகராதியில் இந்தச் சொல் இடம்பெற்றதை எதிர்த்து நீதிமன்றம்வரை போனார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லை எடுத்துவிட்டால் மணி புரிந்தானும் நைனா சாத்துவும் எந்தப் பேரில் இருப்பார்கள்? அகராதியில் அது இரண்டு பதிவாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி: முதல் பதிவு வரலாற்று வழக்கு, சோழமண்டலக் கரை வணிகர், இரண்டாவது இழிவழக்கு, ஒருவரை அழைக்கப் பயன்படுத்தக் கூடாது என்ற குறிப்போடு. பள்ளிவாசல் பலகையையும் அப்படியே விடலாம். சங்கிலிக் கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வதை நிறுத்தலாம்.