பத்மா நதியில் ஒரு பென்சில் ஓவியம்

லாலன் ஃபக்கீர் என்றவுடன் வங்காளிகளின் மனத்தில் எழும் உருவம், நந்தலால் போஸ் பின்னாளில் கற்பனையில் தீட்டியது. கையில் ஏக்தாராவுடன் நிற்கும் அந்தப் பாவுல் பாடகரின் படம் கம்பீரமானதுதான். ஆனால் உயிரோடிருந்த லாலனை எதிரே அமர்த்தி வரைந்ததாக நமக்குக் கிடைத்திருப்பது ஒன்றே ஒன்று. 1889ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், கிழக்கு வங்காளத்தின் ஷிலைதஹாவை ஒட்டி ஓடும் பத்மா நதியில், தாகூர் குடும்பத்தின் பஜ்ரா படகில் அது வரையப்பட்டது. முதுமை தளர்த்திய ஒரு கிழவர், பென்சில் கோடுகளில்.

வரைந்தவர் ரவீந்திரநாதரின் அண்ணன் ஜோதிரிந்திரநாதர். தம்பியின் புகழில் மறைந்துபோன இந்த மனிதரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பியானோவில் மெட்டுகளை அமைத்துத் தம்பியைச் சொல் எழுதவைத்தவர். வெள்ளையர் கம்பெனியோடு போட்டியிட்டு நீராவிக் கப்பல் விட்டு, பயணிகளிடம் காசு வாங்காமல் பலகாரமும் கொடுத்து நொடித்துப் போனவர். சந்தன்நகரில் தங்கியிருந்த நாட்களில் கங்கையில் படகு விட்டு, இவர் வயலின் வாசிக்க, இளைய ரவி பூர்வியில் தொடங்கி பிஹாக் வரை பாடிக்கொண்டே போவார். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். படகும் பாட்டும் அந்த வீட்டிற்குப் புதியவை அல்ல.

படகில் வந்தமர்ந்த லாலனுக்கும் அந்த வீட்டிற்கும் வேறொரு உறவு இருந்தது. அவருடைய செவுரியா ஆசிரமம் தாகூர்களின் ஜமீன் எல்லைக்குள் இருந்தது. அதாவது அவர் குடியானவர், எதிரே உட்கார்ந்து வரைபவர் ஜமீன்தாரின் மகன். இருவருக்கும் தெரிந்த இன்னொருவரும் இருந்தார்: பக்கத்துக் குமார்காளியில் 'கிராம்பார்த்தா பிரகாஷிகா' என்ற பத்திரிகையை 1863இல் தொடங்கிய காங்கால் ஹரிநாத் மஜும்தார். ஜமீன்தார்களின் கொடுமைகளை அச்சேற்றிய ஏழைப் பள்ளி ஆசிரியர். தாகூர் ஜமீனையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவரை அடக்க ஜமீன் அடியாட்கள் வந்தபோது, தம் சீடர்களோடு தடியேந்தி வந்து காத்தவர் நண்பர் லாலனே என்ற செய்தி அவ்வட்டாரத்தில் வழங்குகிறது. அது மெய்யானால், அந்த மே மாத நாளில் படகில் ஏறிய கிழவரின் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? ஓவியத்தில் அதற்கு விடை தேடி நாமும் பலமுறை உற்றுப் பார்த்ததுண்டு. கோடுகள் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.

ரவீந்திரர் லாலனை நேரில் கண்டாரா என்பது இன்றும் தீராத வழக்கு. கண்டார் என்று நம்ப விரும்புவோர் பலர். ஆவணங்களோ அவ்வளவு தாராளமாக இல்லை. நம் பார்வையில் இந்த வழக்கே சற்று மிகையானது. பாட்டு வந்து சேர ஆளே வர வேண்டும் என்பதில்லை. ஷிலைதஹாவில் கடிதம் கொண்டுவரும் ககன் ஹர்காரா என்ற தபால்காரர் பாடிய மெட்டில்தான், 1905இல் வங்கப் பிரிவினையின்போது ரவீந்திரர் 'அமார் ஷோனார் பாங்ளா'வை எழுதினார். இன்று அது வங்கதேசத்தின் தேசிய கீதம். லாலனின் இருபது பாடல்களை 'பிரபாஸி' இதழில் அவர் வெளியிட்டது 1915இல்தான். பாடியவர் மறைந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

ஓவியத்திற்குப் பதினேழு மாதங்கள் கழித்து, 1890 அக்டோபர் 17 அன்று லாலன் இறந்தார். அவருக்கு 116 வயது என்று எழுதியது குஷ்டியா வட்டாரத்து 'ஹிதகரி' இதழ். அவர் இந்துவா முஸ்லிமா என்று அதனாலும் சொல்ல முடியவில்லை. எந்தச் சமயத்து முறைப்படியும் தமக்கு இறுதிச் சடங்கு வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தாராம். முல்லாவும் வரவில்லை, புரோகிதரும் வரவில்லை. செவுரியாவிலேயே அடக்கம் செய்தார்கள்.