கிறீன் வைத்தியரின் நாலாயிரம் பக்கங்கள்

மிஷனரி டாக்டர்களின் தியாகத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மரணத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். போன இடத்தில் காய்ச்சலிலோ கொள்ளைநோயிலோ செத்தால் தியாகி. ஊர் திரும்பிச் சொந்த வீட்டில் கண்ணை மூடினால் கணக்கில் வராது. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் இந்த இரண்டாவது வகை. அதனாலேயே இந்தக் குறிப்பை எழுதி வைக்கத் தோன்றியது.

1822-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் படித்துவிட்டு 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையில் கொஞ்ச காலம், பிறகு மானிப்பாய். வைத்தியம் பார்த்ததோடு நிற்கவில்லை, உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து மருத்துவமும் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். பத்து வருஷத்தில் உடம்பு கெட்டு ஊருக்குப் போனவர், மனைவியோடு 1862-ல் மறுபடி கப்பலேறி வந்தார்.

வந்த பிறகு அவர் எடுத்த முடிவுதான் முக்கியம். 1864 முதல் தமிழிலேயே மருத்துவ வகுப்பு. ஆங்கிலத்தில் படித்தவன் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுவான், தமிழில் படித்தவன் தன் ஊர் நோயாளியோடு இருப்பான் என்பது அவர் கணக்கு.

வகுப்பு என்றால் புத்தகம் வேண்டுமே? பிரசவ வைத்தியம், இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று வரிசையாக வந்தன. பெரும்பாலும் ஆங்கிலப் பாடநூல்களின் தமிழாக்கம். சில அவரே செய்தவை, சில மாணவர்கள் எழுதி அவர் திருத்தியவை. எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல். ஒரு கலைச்சொல் வேண்டுமென்றால் முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழி, அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவது. 'கெமிஸ்தம்' என்ற தலைப்பைப் பார்த்தாலே அந்த மூன்றாவது வழி புரிந்துவிடும்.

இங்கே ஒரு சங்கடமும் இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தை விட்டதில் கிறீனுக்குப் போனது உழைப்பும் உடல்நலமும். மாணவர்களுக்குப் போனது உத்தியோக வாய்ப்பு. அவர்களுக்கு ஆங்கிலம்தான் சோறு. அப்படியானால் தியாகம் செய்தது யார்? டாக்டர் மட்டும்தானா? எனக்கு இரண்டு தரப்பும் என்றுதான் படுகிறது. ஆனால் சரித்திரத்தில் ஒருவர் பெயர்தான் பெரிதாக நிற்கிறது.

1873-ல் மறுபடி உடம்பு முடியாமல் நிரந்தரமாகத் திரும்பினார். அப்போதும் விடவில்லை. வூஸ்டரில் உட்கார்ந்துகொண்டே தமிழ் மருத்துவ நூல் வேலையைத் தொடர்ந்தார். அவர் பயிற்றுவித்த வைத்தியர்கள் அறுபது பேருக்கு மேல், அதில் பாதிக்கு மேல் தமிழில் படித்தவர்கள். ஆனால் அவர் போன பிறகு தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை.

1884-ல் இறந்தார். சாதாரணக் கல் ஒன்று போதும், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்று அதில் இருந்தால் சரி என்பது அவர் விருப்பம். மானிப்பாயில் அவர் பெயரில் ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது. புத்தகங்களோ பாடமாக இல்லை, பழைய நூலாகத்தான் இருக்கின்றன. உயிரைக் கொடுத்தவர்களுக்குச் சிலை வைக்கிறோம். நாலாயிரம் பக்கத்தைக் கொடுத்தவருக்கு நாம் செய்யக்கூடியது, அதில் நாலு பக்கமாவது புரட்டிப் பார்ப்பதுதான்.