எச்சில் தொட்டுத் தீட்டு!

பண்டைய ரோமில் சவரம் செய்துகொள்ளப் போய் உட்கார்ந்தால், உங்கள் கன்னத்தில் படப்போகும் கத்தியைக் கடைக்காரர் எச்சில் தொட்டுத் தீட்டுவார்! முகம் சுளிக்காதீர்கள். கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்தபோது இறந்துபோன ப்ளினி, தன் 'இயற்கை வரலாறு' நூலின் 36-ம் பகுதியில் சாணைக்கற்களுக்கு ஜாதகமே கணித்து வைத்திருக்கிறார். கிரீட் தீவுக் கல்லுக்கு எண்ணெய். நாக்ஸோஸ் கல்லுக்குத் தண்ணீர். சிலிசியா கல்லுக்கு இரண்டும் சம்மதம். ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு கல் ரொம்ப மிருது. அதற்கு மனித எச்சில்தான். சவரக் கடை தவிர வேறெதற்கும் அது லாயக்கில்லை என்கிறார்.

எதற்கு இந்த ஈரம்? கத்தியிலிருந்து உதிரும் இரும்புத் தூள் கல்லின் நுண்துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் கல் பளபளவென்று அழகாக இருக்கும்... ஆனால் தீட்டாது! ஈரம் அந்தத் தூளை மிதக்க வைக்கிறது. உடனே துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் எண்ணெயும் தூளும் சேர்ந்து பிசினாகிவிடும்.

இதில் நம்ம ஊர் சமாச்சாரம் ஒன்று உண்டு. மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமத்தின் செல்லப் பிள்ளைகளோ, அதற்கு ஆங்கிலத்தில் 'கோரண்டம்' என்று பெயர். அது நம் 'குருந்தம்'தான்! 1891-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்செசன் என்பவர் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரத்தால் சூடேற்றினார். கண்ணாடியையே கீறும் படிகங்கள் கிடைத்தன. கார்பனும் கோரண்டமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்துவிட்டார். சோதித்துப் பார்த்தால், கோரண்டம் மருந்துக்குக்கூட இல்லை! சிலிக்கனும் கார்பனும்தான். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. தப்புக் கணக்கின் புண்ணியத்தில் ஒரு தமிழ்ச் சொல் உலகத்துப் பட்டறைகளுக்கெல்லாம் போய், 1954-ல் 'கார்போரண்டம் யுனிவர்சல்' என்று சென்னைக்கே திரும்பி வந்தது.

கல் செயற்கையானாலும் வியாதி பழசுதான். உங்கள் வீட்டு எண்ணெய்க் கல் அடைத்துப் போயிருந்தால், மண்ணெண்ணெய் விட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். (பக்கத்தில் அடுப்பு எரிய வேண்டாம்!) தண்ணீர்க் கல்லில் மட்டும் தப்பித் தவறியும் எண்ணெய் விடாதீர்கள். துளைகளில் எண்ணெய் ஏறிவிட்டால், அப்புறம் தண்ணீர் இறங்காது.

இன்னொரு தொல்லை, குழி. எல்லோரும் கல்லின் நடுவிலேயே தீட்டுவதால் அங்கே பள்ளம் விழுந்துவிடும். அதில் தீட்டினால் நேரான உளியும் வளைந்த முனையோடுதான் வரும். தடித்த கண்ணாடி மேல் கார்போரண்டம் தூளும் தண்ணீரும் போட்டு, கல்லைக் கவிழ்த்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். அதற்கு முன்னால் கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். அழியாமல் நிற்கிற கோடுதான் பள்ளம். அதுவும் அழிகிற வரைக்கும் தேயுங்கள்.