ஓய்வு நாள்: ஜோகூர் பெண்களுக்கு அது கிடைக்கிறதா?

2025 ஜனவரி 1 முதல் ஜோகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியது. அதற்கு முன் 2014 தொடங்கி வெள்ளி, சனிதான். நாள் மாறிவிட்டது, சரி. பாசிர் கூடாங்கில் ஷிப்டு வேலை பார்க்கும் பெண்ணும், ஜோகூர் பாருவில் துப்புரவு வேலை செய்யும் அக்காவும், வீட்டைக் கவனிக்கும் அம்மாவும் அந்த நாளில் கொஞ்ச நேரமாவது காலை நீட்டி உட்கார முடிகிறதா?

சட்டம் என்ன சொல்கிறது?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு உண்டு. ஷிப்டு வேலை என்றால் தொடர்ச்சியாக 30 மணி நேரம். 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. 5 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் குறைந்தது 30 நிமிடம் இடைவேளை தர வேண்டும்.

ஓய்வு நாளில் வேலைக்கு வரச் சொன்னால்? உங்கள் மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 சென். அரை நாளுக்கு மேல் வேலை செய்தால் இந்தத் தொகை கூடுதலாக வர வேண்டும். நாள் சம்பளக்காரர்களுக்கு இரண்டு நாள் சம்பளம். பே ஸ்லிப்பில் இது தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம்.

யாருக்கு இது இல்லை?

வீட்டுப் பணிப்பெண்களுக்கு. சட்டத்தின் ஓய்வு நாள், வேலை நேரப் பிரிவு அவர்களைச் சேர்ப்பதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. வீட்டு வேலை செய்பவருக்கும் வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்று 2011லேயே அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் ஒப்பந்தம் சொல்லிவிட்டது.

இல்லத்தரசிகளுக்கு முதலாளியும் இல்லை, ஓய்வு நாளும் இல்லை. 2022 டிசம்பரில் பெர்கேசோ தொடங்கிய இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டம் ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தாவில் வீட்டு விபத்துக்கும் உடல் முடக்கத்துக்கும் உதவுகிறது. 55 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரலாம். உடம்பு விழுந்த பிறகுதான் அது கைகொடுக்கும். விழாமல் பார்த்துக்கொள்வது வேறு விஷயம்.

ஓய்வு என்றால் தூக்கம் மட்டுமா?

இல்லை. தோட்டத்தில் விடியற்காலையிலேயே பெரட்டுக்குப் போன நம் பாட்டிகளுக்கும் வேலை குறைவில்லை. ஆனால் பிள்ளையைப் பார்க்க ஆயாக்கொட்டகை இருந்தது. திருவிழா வந்தால் கும்மி, கோலாட்டம் என்று பெண்கள் கூடினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தபோது இரண்டும் கைவிட்டுப் போயின.

சேர்ந்து பாடுவதும் வரைவதும் பொழுதுபோக்கு மட்டுமல்ல. 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து உலகச் சுகாதார அமைப்பின் ஐரோப்பிய அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, கலைக்கும் மன, உடல் நலத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டுகிறது. இலங்கையின் மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போரால் பாதிக்கப்பட்ட பெண்களோடு வேலை செய்தபோது, சட்ட உதவி, ஆலோசனையோடு பாட்டையும் நாடகத்தையும் சேர்த்தே கொண்டுபோனது.

நீங்கள் என்ன செய்யலாம்?

- மாதம் ஒரு முறை, இரண்டு மணி நேரம். கோயில் மண்டபமோ பாலாய் ராயாவோ போதும்.
- பிள்ளைகளைப் பார்க்க முறை வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால் அதிகம் தேவைப்படும் பெண்ணே வர முடியாது.
- கோலம், தையல், பாட்டு எதுவானாலும் சரி. போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம். சும்மா உட்கார்ந்திருப்பவரையும் விட்டுவிடுங்கள்.
- சமையலை அன்றைக்கு அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.
- யாராவது வீட்டில் அடி, மிரட்டல் என்று சொன்னால் 15999 தாலியான் காசே எண்ணைக் கொடுங்கள். 24 மணி நேரமும் இயங்கும்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த இரண்டு மணி நேரம் அடுப்பையும் பிள்ளையையும் நீங்கள் பார்த்துக்கொண்டால்தான் மேலே சொன்னது எதுவும் நடக்கும்.