சமையலறையில் கிடந்த சாட்சி

1900 டிசம்பரில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜோன் ஹொசாக் என்ற விவசாயி நித்திரையில் கோடரியால் தாக்கப்பட்டு இறந்தார். பக்கத்தில் படுத்திருந்த மனைவி மார்கரெட், தான் எதையும் காணவில்லை என்றார். அவரையே கைது செய்தார்கள். இந்த வழக்கைப் பற்றி எழுத உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அனுப்பிய நிருபர் சூசன் கிளாஸ்பெல். அவருக்கு அப்போது 24 வயது; பல்கலைக்கழகம் முடித்து அதிக காலம் ஆகவில்லை.

அந்த வீட்டில் சண்டை இருந்தது அயலுக்கெல்லாம் தெரியும். கொலைக்கு ஒரு வருசத்துக்கு முன் அயலவர்களே வந்து சமாதானமும் பேசியிருக்கிறார்கள். "சமாளிச்சுப் போங்கோ" என்ற பேச்சு எங்களுக்கும் புதுசில்லைத்தானே. ஆனால் நீதிமன்றத்தில் அந்தச் சண்டைகள் மார்கரெட்டுக்கு எதிராகவே திரும்பின. அவர் கொலை செய்யக் காரணம் அதுதான் என்று வாதாடியது அரச தரப்பு. பட்ட துன்பத்தைச் சொன்னால் அது குற்றத்துக்கு ஆதாரமாகிவிடும். சொல்லாமல் விட்டால் துன்பமே இல்லை என்றாகிவிடும். கேட்டுக்கொண்டிருந்த ஜூரிமார் எல்லோரும் ஆண்கள். அங்கே பெண்கள் ஜூரியில் இருக்க முடியாத காலம் அது.

1901 இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டு மாநில உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. 1903 இல் நடந்த மறுவிசாரணையில் ஜூரிமார் ஒரு முடிவுக்கு வரவில்லை. மார்கரெட் விடுதலையானார்.

கிளாஸ்பெல் இதை மறக்கவில்லை. 1916 இல் ஒரு நாடகமாகவும், 1917 இல் 'அவளை ஒத்தவர்களின் ஜூரி' என்ற பொருள்படும் தலைப்பில் சிறுகதையாகவும் எழுதினார். கதையில் சட்டத்தரணியும் ஷெரிப்பும் கொலை நடந்த வீட்டைச் சோதிக்க வருகிறார்கள். சமையலறையை ஒருதரம் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றுமில்லை என்று மேல்மாடிக்குப் போகிறார்கள். கூட வந்த இரண்டு பெண்கள் கீழேயே நிற்கிறார்கள். பாதியில் நின்ற வேலைகள், போர்வையில் திடீரென்று கோணலாகிப்போன தையல், கதவு உடைந்த கூடு, தையல் பெட்டிக்குள் கழுத்து முறிக்கப்பட்ட ஒரு குருவி. ஆண்கள் தேடித் திரிந்த காரணம் அங்கேதான் கிடக்கிறது.

அந்தக் கணவனை ஊர் நல்ல மனுசன் என்றே சொல்லும். குடிக்கமாட்டான், கடன் வைக்கமாட்டான். கதையில் ஒரு அடிகூடக் காட்டப்படவில்லை. எங்களுக்குப் பழக்கமான 'வீட்டு வன்முறைக் கதை'யில் காயம் முகத்திலே தெரியும். கிளாஸ்பெல் காட்டுவது வெளியில் தெரியாத வன்முறையை. அதிகாரம் பார்க்கப் பழகாத இடத்தில் அது கிடக்கிறது.

கடைசியில் அந்தப் பெண்கள் குருவியை ஒளித்துவிடுகிறார்கள். இதைப் பெண்களின் வெற்றியாகக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாட்சியை மறைக்கிறது நீதியாகாது; சொன்னாலும் கேட்க ஆளில்லாத இடத்தில் மிஞ்சுகிற ஒரே வழி அதுதான். கதையில் எனக்குக் கனமாகப் பட்டது இன்னொரு இடம். பக்கத்துப் பண்ணையில் இருந்தும் இவ்வளவு காலமாக ஒருதரம்கூட வந்து பார்க்கவில்லையே என்று அந்த இருவரில் ஒருத்தி உடைந்துபோகிறாள். அந்தக் குற்றத்தை விசாரிக்க ஒரு ஷெரிப்பும் வருவதில்லை.