அழைக்காமல் வந்த எட்டுக் குழுக்கள்



ஆகஸ்ட் வந்தால் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் முழுக்கக் கலைவிழாதான். வகுப்பில் சொல்லாமல் விட்ட அதன் கதையை இன்று சொல்கிறேன்.

விழா தொடங்கியது 1947இல். உலகப்போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். பிரிட்டனில் அப்போதும் ரேஷன். போர் பிரித்துப்போட்ட மக்களைக் கலையால் மறுபடி ஒன்றுசேர்ப்பதே விழாவின் நோக்கம். முதல் இயக்குநர் ருடால்ஃப் பிங், வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு வந்தவர். நாஜிகளால் வியன்னாவை இழந்த இசை நடத்துநர் புரூனோ வால்டர், தன் பழைய வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவோடு இந்த விழாவில்தான் மீண்டும் சேர்ந்தார்.

அதே ஆண்டு எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பில்லாமலே வந்தன. கிடைத்த இடங்களில் நடித்தன. அந்த வழக்கத்துக்குப் பின்னால் 'ஃபிரிஞ்ச்', அதாவது விளிம்பு, என்று பெயர் வந்தது. 1958இல் அதற்கென ஒரு சங்கம் அமைந்தது. யாரையும் தேர்வு வைத்துத் தள்ளுவதில்லை என்பது அதன் கொள்கை. இன்று விளிம்புதான் மைய விழாவைவிடப் பெரிது.

இதை நினைத்தால் மனசு உறுத்துகிறது. ஆண்டுவிழா நாடகத்துக்கு நான்தான் ஆள் பொறுக்குவேன். "சார், நாங்களும் ஒரு நாடகம் போடுறோம்" என்று வந்த கடைசி பெஞ்சுப் பையன்களை, நேரமில்லை என்று திருப்பி அனுப்பினேன். வகுப்பறையிலாவது நடிக்க விட்டிருக்கலாம்.

அந்தப் பையன்கள் இதைப் படித்தால், அது என்ன நாடகம் என்று கீழே எழுதுங்கள். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது.