ஈதர்நெட் வடப் பெயர்களில் இறுதி எண்ணின் பொருள்மாற்றம்

ஈதர்நெட் வடங்களுக்கு ஐ.இ.இ.இ. 802.3 செந்தரம் வழங்கிய தொடக்ககாலப் பெயர்கள் மூன்று உறுப்புகளால் ஆனவை. 10பேஸ்5 என்பதில் 10 என்பது நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தையும், பேஸ் என்பது அடிக்கற்றை முறையையும், 5 என்பது ஒரு வடத்துண்டின் நீள எல்லையான 500 மீட்டரையும் சுட்டும். இதனைக் கொண்டு, இறுதி எண் எப்போதும் தொலைவையே குறிக்கும் எனக் கொள்வது பொருந்தாது.

மெல்லிய ஓரச்சு வடத்துக்குரிய 10பேஸ்2 (1985) இவ்விதியை முதலில் நெகிழ்த்தியது. அதன் எல்லை 185 மீட்டரே. பெயர் அதனை 200 ஆக்கிக்கொண்டது.

1990இல் வந்த 10பேஸ்-டியில் எண்ணே இல்லை. அதன் எல்லை 100 மீட்டர். பழைய விதிப்படி அது 10பேஸ்1 என்றாகியிருக்க வேண்டும். ஆனால், பல கணினிகளும் ஒரே வடத்தைப் பகிர்ந்த நிலை மாறி, ஒவ்வொன்றும் மையக் கருவியோடு தனிக்கம்பியால் இணைந்தபின், நீளத்தைவிடக் கம்பியின் வகையே வேறுபடுத்தும் கூறாயிற்று எனக் கருத இடமுண்டு. 'டி' முறுக்கிணைக் கம்பியைச் சுட்டும். முந்தைய பெயர்களில் இல்லாத சிறுகோடும் இங்குத்தான் நுழைகிறது. பெயர்களைக் காலவரிசைப்படுத்த அதுவே ஒரு சான்று.

பின்னர் எண் வேறு பொருளோடு மீண்டது. 100பேஸ்-டி4இல் (1995) 4 என்பது கம்பியிணைகளின் தொகை. 10ஜிபேஸ்-எல்எக்ஸ்4இல் (2002) ஒளியிழைவழிச் செல்லும் அலைநீளங்களின் தொகை. முன்னதை 400 மீட்டர் என வாசிப்போர், 100 மீட்டருக்கே உரிய கம்பியை நான்கு மடங்கு நீட்டிவிடுகின்றனர்.